அறுந்தால் நிற்கும் தறி

நகோயா, ஜப்பான்,
13.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் அம்மாயியும் நலம்தானே? தொலைபேசியில் பேசினால் தறிச் சத்தத்தில் பாதி கேட்பதில்லை என்பதால், சொல்ல நினைத்ததைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரிலுள்ள டொயோட்டா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 1911-இல் சகிச்சி டொயோடா தறிகளைச் சோதித்துப் பார்க்க அமைத்த ஆலை இருந்த இடம் அது. டொயோட்டா என்றால் நமக்குக் கார்தான் தெரியும். அதன் வேரோ தறியில் இருக்கிறது. தச்சரின் மகனான சகிச்சி 1924-இல் உருவாக்கி முடித்த தானியங்கித் தறியை அங்கே ஓட்டிக் காட்டினார்கள். பணியாளர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்த பாவின் நீளவாக்கு இழைகளில் ஒன்றைக் கத்தரியால் வெட்டினார். இழைக்கு ஒன்றாகத் தொங்கிய மெல்லிய தகடுகளில் அந்த இழையின் தகடு மட்டும் கீழே விழ, தறி அப்படியே நின்றது. குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரும் நேரத்தில், அந்த நூலைச் சுமந்து ஓடும் நாடாவையும் அது ஓட்டத்தை நிறுத்தாமல் தானே மாற்றிக்கொள்கிறது. இதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ 1933-இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே தொடங்கிய கார்ப் பிரிவு, 1937-இல் தனி நிறுவனமானது.

அந்தத் தறியின் முன் நின்றபோது உங்கள் கண்களைத்தான் நினைத்துக்கொண்டேன், அப்பா. இரவு முழுவதும் ஆறு தறிக்கும் நடுவே நடந்து, அறுந்த இழையைக் கண்ணாலேயே தேடிப் பிணைத்த கண்கள் அவை. ஒரு முறை இழை அறுந்தது தெரியாமல் பல மீட்டர் ஓடிவிட்ட துணிக்காகக் கூலியில் பிடித்தம் செய்துவிட்டார்கள். நீங்கள் கணக்குச் சீட்டை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் டி.வி.எஸ். 50-ஐ மிதித்துக் கிளப்பியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தத் தறிக்கு நிற்கத் தெரியாமல் போனதற்கு நீங்கள் பணம் கட்டினீர்கள்.

நான் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையில், என் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுகிறது. பொருளில் குறை கண்டவர் யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வருவார், உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். சேர்ந்த இரண்டாம் வாரத்தில் கை நடுங்க அதை நான் இழுத்தேன். ஏச்சுதான் விழப்போகிறது என்று நின்றவளிடம், ஓடி வந்த பெரியவர் முதலில் நன்றி சொன்னார். பிறகுதான் குனிந்து பொருளைப் பார்த்தார். அறுந்த இழைக்குத் தறி நின்ற அதே முறையைத்தான் மனிதர் கையிலும் கொடுத்திருக்கிறார்கள் என்பது அருங்காட்சியகத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ரயிலிலும் இப்படித்தான். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கி இம்மாதம் ஒன்றாம் தேதியோடு 60 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் என்னை வியக்க வைத்தது அதன் வேகமன்று. நான் தினமும் போகும் சாதாரண ரயில் தாமதமானால், நிலையத்தில் ஒரு சான்றுச் சீட்டுத் தருகிறார்கள். அதைக் காட்டினால் வேலைக்குத் தாமதமாக வந்ததற்கு யாரும் என்னைக் குறை சொல்வதில்லை.

எல்லாம் நன்மை என்று எழுத மாட்டேன். இரவு ரயிலில் நின்றபடியே உறங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மிகைநேர வேலை பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற சட்டமே 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்காக வரிசையை நிறுத்தத் தெரிந்தவர்கள், மனிதருக்காக நிறுத்த இத்தனை காலம் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி, நான் கேட்க வந்தது. நம் தறிகளில் இரண்டுக்காவது அந்தத் தகடு அமைப்பைப் பொருத்த வேண்டும். செலவு என் சம்பளத்தில். பாவுக்கு எத்தனை இழை, அச்சு என்ன நம்பர் என்று எண்ணி எழுதுங்கள். மெக்கானிக் வரும் நாளில் தறிக்குடோனிலிருந்தே வீடியோவில் அழையுங்கள். அன்றைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்