2018-இன் பாட்டில்: கம்பத்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. திராட்சைப் பந்தலில் பாதிக் குலைக்கு மேல் அடிச்சாம்பல் நோயில் போய்விட்டது என்று படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை, எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "கஷ்டப்பட்ட கொடியில்தான் நல்ல ஒயின் வரும் என்கிறார்களே, நிஜமா?" என்று. அதற்காவது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும் இந்த பிரான்ஸ் நாட்டு போர்டோ பகுதியில், மார்கோ என்ற ஊரின் 2018ஆம் வருடச் சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். நாவல்பழச் சாறு போலக் கறுப்பு. துவர்ப்பு நிறைய இருந்தும் நாக்கை இழுத்துப் பிடிக்கவில்லை, மெல்லப் படர்ந்து வெகுநேரம் நின்றது. அதைக் குடிக்கும்போது எனக்கு அந்த வருட மே மாதம்தான் நினைவுக்கு வந்தது.

நான் இங்கே இந்த ஒயின் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. குளிர்காலம் முழுக்க மழை, வசந்தத்திலும் விடவில்லை. காலையில் வரிசைக்குள் போனால் இலையின் மேல்பக்கம் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் புள்ளி. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் பன்னீர் திராட்சையில் வந்த அதே பூசணம்தான். பத்து மில்லிமீட்டர் மழை, பத்து டிகிரி வெப்பம், பத்து சென்டிமீட்டர் தளிர், இந்த மூன்றும் சேர்ந்தால் மருந்தோடு தயாராக இரு என்பது இங்குள்ள கணக்கு. மெர்லோ என்ற திராட்சை ரகம்தான் அதிகம் அடிவாங்கியது. பிஞ்சுகள் பழுப்பேறி, தோல் சுருங்கி, தொட்டால் உதிர்ந்தன.

உங்கள் அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிவிட்டு அரிவாளை முக்கிப் பார்ப்பாரே, செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போடச் சொல்வாரே, அந்த போர்டோ கலவை பிறந்தது இந்த மண்ணில்தான். மார்கோவுக்கு வடக்கே சான் ஜூலியன் என்று ஓர் ஊர். அங்கே வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, ரோட்டோரக் கொடிகளில் இப்படி ஒரு கலவையைத் தெளிப்பார்கள். 1882இல் மில்லார்தே என்ற பேராசிரியர் அந்த வழியே போனபோது, தெளித்த கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நிற்பதைக் கண்டார். 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார். நம்மூர்ப் பந்தலுக்கு அது எப்படி வந்து சேர்ந்ததோ, நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் அந்தக் கலவையில் உள்ள செம்பு இலைமேல்தான் இருக்கும், உள்ளே இறங்காது. மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். வேறு ரசாயன மருந்தே வேண்டாம், செம்பு போதும் என்று வைராக்கியமாக நின்ற தோட்டங்கள் 2018இல் பட்ட பாடு சொல்லி மாளாது. அப்படி நின்ற ஷாத்தோ பால்மேர் என்ற மார்கோ தோட்டத்துக்கு ஹெக்டேருக்கு 1,100 லிட்டர் ஒயின்தான் கிடைத்தது. நல்ல வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். அந்த வருடம் அவர்கள் தங்கள் இரண்டாம் தர ஒயினைப் போடவே இல்லை.

இனிதான் உன் கேள்வி. ஜூலையில் மழை ஓய்ந்தது. அப்புறம் அறுவடை வரை வெயில்தான். குளிர்காலத்து மழை அடிமண்ணில் கிடந்ததால் கொடி வாடிவிடவில்லை. ஆனால் மேல்மண் காய்ந்ததும் தளிர் விடுவதை நிறுத்தியது, அதன் சத்தெல்லாம் பழத்துக்குப் போனது. தேறிய குலைகளில் பழம் சிறியது, தோல் தடிப்பு. நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கிறது? சாறு கொஞ்சம், தோல் அதிகம். தொட்டியில் ஊறும்போது நாங்கள் அதிகம் கிளறவே இல்லை, சாயம் தானாக இறங்கியது.

ஆக, கஷ்டம் எந்த மாதத்தில் வந்தது என்பதுதான் விஷயம், மாப்ள. 2013உம் இங்கே கஷ்டமான வருடம்தான். பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும், பிஞ்சு பிடிக்கவில்லை. அறுவடை நேரத்தில் மறுபடி மழை. அழுகலுக்குப் பயந்து, சரியாகப் பழுக்குமுன்பே பலர் பறித்தார்கள். ஒயின் மெலிந்துதான் வந்தது. கொடியை வதைத்தால் ஒயின் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2018இல் கடைசி மூன்று மாதம் வானம் கருணை காட்டியது. அப்போதும் இழந்தது இழந்ததுதான். எங்கள் கிடங்கில் பாதித் தொட்டிகள் காலியாகக் கிடந்ததை நான் தினமும் பார்த்தேன்.

உன்னுடையது சாப்பிடும் பழம். எடையில் போனது பணத்தில் போனது. அது எனக்குப் புரிகிறது.

அடுத்த கவாத்து எப்போது? அதற்கு முன் நோய் கண்ட இலைகளைக் கூட்டிப் பந்தலுக்கு வெளியே எரித்துவிடு, ஒன்றுகூட உள்ளே கிடக்க வேண்டாம். தைக்கு ஊருக்கு வருகிறேன். 2018இல் இன்னொரு பாட்டில் இருக்கிறது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் நண்பன்