டேங்க் நிறையவில்லை, தண்ணீர்தான் நிறைந்தது

மயிலாடுதுறை
பொங்கல் கழிந்த மறுவாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வீட்டு பிளான் வந்து சேர்ந்தது. பூஜை அறையைச் சுருக்கி ஹாலைப் பெரிதாக்கியது சரியா என்று கேட்டிருந்தாய். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, நீயும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ளுங்கள். என் பார்வை போனது பின்பக்க மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்துக்கு. செப்டிக் டேங்க். இரண்டு மாதமாக என் பிழைப்பே அதைச் சுற்றித்தான் ஓடியது.

தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். வீட்டிலிருந்தே வேலை என்பதால் அப்படியே தங்கிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேராக இருந்த வீட்டில் ஆறு பேர். சந்தோஷம்தான், அதை மறுக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் போகாமல் களக் களக் என்று சத்தம் போட்டது. ஒரு வாரத்தில் கொல்லைப்பக்கம் மூடியோரம் கசிந்து, வாசல் வரைக்கும் வாடை.

லாரியைக் கூப்பிட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு மொத்தத்தையும் உறிஞ்சிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் பார்த்தால் மறுபடியும் விளிம்பு வரை நிற்கிறது. என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, "லாரிக்காரன் பாதியை விட்டுட்டுப் போயிட்டான்" என்று ஒரே சண்டை. போன் போட்டால் லாரிக்காரர் மறுநாளே வந்தார். திட்டு வாங்கிய முகமே இல்லை. நீளமான மூங்கில் ஒன்றில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி, அடி வரைக்கும் மெதுவாக இறக்கி, கொஞ்சம் நிறுத்தி எடுத்தார். நுனியில் நாலு விரற்கடைக்குக் கறுப்பு. அதற்கு மேல் முழுக்க வெறும் கலங்கல் ஈரம். "பாருங்க சார், டேங்க் நிறையலை. தண்ணிதான் நிறைஞ்சிருக்கு" என்றார்.

அறுபத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தேதான் இருக்கும்! உள்ளே ஒரு வாளி போனால் மறுபக்கம் ஒரு வாளி வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது பாட்டி தேத்தாங்கொட்டை இழைத்துக் குடத்தை அசையாமல் வைத்திருப்பாளே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கனமானது அடியில் சகதியாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் சோக் பிட் என்கிற உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அடிச் சகதியைத் தின்று குறைக்கும். இதற்கெல்லாம் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாளாவது தண்ணீர் உள்ளே நிதானமாக நிற்க வேண்டும். பாட்டியின் குடத்தில் நிமிடத்துக்கொரு சொம்பு ஊற்றிக்கொண்டே இருந்தால் எங்கே தெளியும்?

என் டேங்க் ஆறடிக்கு நாலடி, தண்ணீர் நிற்கும் ஆழம் நாலடி. கிட்டத்தட்ட 2,700 லிட்டர். ஆளுக்கு 120 லிட்டர் என்று வைத்தாலும் ஆறு பேருக்கு நாளைக்கு 720. ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் மூன்று தடவை ஓடும். எங்களுடையது மேலே திறக்கிற பழைய ரகம், தடவைக்கு நூறு லிட்டருக்குக் குறையாது. அது ஒரே காலையில், அடியில் இருப்பதைக் கிளப்பிவிடுகிற வேகத்தில் போய் விழுகிறது. அப்படிக் கிளம்பிய சகதி சோக் பிட்டுக்குள் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். டேங்கைக் காலி பண்ணலாம் மாப்பிள்ளை, அடைத்துப்போன மண்ணை என்ன செய்வது?

எங்கள் ஊர் மண் வேறு களி. ஐப்பசி, கார்த்திகையில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். உறை இறக்கிய சோக் பிட்டைச் சுற்றி ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்போது உள்ளே இருப்பது எங்கே இறங்கும்? அடுத்த லாரியைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொட்டுவதற்குப் பதில், வீட்டுக்குள் எங்கே எவ்வளவு போகிறது என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

துப்புக் கொடுத்தது உன் தங்கச்சிதான். "முன்னெல்லாம் காலையில ஒரு தடவை மோட்டார் போட்டா போதும், இப்ப சாயந்தரமும் போட வேண்டியிருக்கே" என்றாள். ஆள் கூடியதால் என்று விட்டுவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்தபோது மாடிக் கழிவறையில் மூச்சு விடுகிற மாதிரி மெல்லிய சத்தம். மறுநாள் ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டேன். யாரையும் உபயோகிக்க விடவில்லை. பேத்தியும் நானும் காவல். கால் மணி நேரத்தில் பீங்கானின் பின்சுவரில் நூல் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள் கோடு இறங்கியது. பேத்தி கைதட்டினாள்.

தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற, சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு மணி பார்த்தேன். பத்து லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்தில் காலி. நாளைக்கு 240 லிட்டர்! யாரும் தொடாமல், யாருக்கும் உதவாமல், இன்னும் இரண்டு ஆள் வீட்டில் ஒளிந்திருந்து குளித்த மாதிரி. அடியில் இருந்த ரப்பர் வாஷர் தடித்துப் போயிருந்தது. புதிது நூறு ரூபாய்கூட இல்லை.

ஹாஸ்டலில் நமக்குக் காலையில் ஆளுக்கு இரண்டு வாளி, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது வாளி எடுத்ததற்கு வார்டனிடம் நீ வாங்கிய ஏச்சும்?

அதற்கப்புறம் வாஷிங் மெஷின் தண்ணீரைத் தனிக் குழாயில் தென்னைக்குத் திருப்பினேன். ஆர்.ஓ. மெஷினில் ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாக வெளியேறி, அதுவும் சிங்க் வழியாக டேங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது வாளியில் பிடித்து வீடு துடைக்கிறோம். துணியை வாரம் முழுக்கப் பிரித்துத் துவைக்கச் சொன்னேன். மருமகளுக்கு முதலில் கொஞ்சம் முகம் சுருங்கியது, பிறகு அவளே நாள் பிரித்துவிட்டாள். மார்கழி பாதியிலேயே களக் சத்தம் நின்றுவிட்டது. மழை விட்டதும் ஒரு காரணம், பெருமையெல்லாம் எனக்கே வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடைப்பு எடுக்க வந்த பையன் ஒருவன், "நானே இறங்கிப் பார்த்துடறேன் சார், ரெண்டு நிமிஷம்" என்று சட்டையைக் கழற்றினான். தடுத்துவிட்டேன். உள்ளே நிற்கிற வாயு மூச்சு விடுவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றமும்கூட. அதுவரை வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்த பையன், மூடியைப் போட்ட பிறகு ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு யார் இதைச் சொல்லியிருப்பார்கள்?

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் எங்கள் களியைவிட நன்றாகவே உறிஞ்சும் என்று தைரியமாக இருந்துவிடாதே. பிளம்பர், "எல்லாத்தையும் ஒரே லைன்ல விட்டுடலாம் சார், செலவு மிச்சம்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. கழிவறைக்கு ஒரு லைன், குளியலுக்கும் துணிக்கும் வேறு லைன். சுவரைப் பூசிய பிறகு இதைச் செய்ய நான் பட்ட பாடு போதும். முற்றத்து மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட டேங்குக்குள் போகக் கூடாது. நூறு சதுர அடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல், கணக்குப் போட்டுப் பார். உன் பழைய கிணற்றிலிருந்து சோக் பிட்டை அறுபது அடியாவது தள்ளி வை. பிளானில் அது கிணற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரிகிறது, அளந்து சொல். மூடிக்கு மேலே டைல்ஸ் ஒட்டிவிடாதே, திறக்க உடைக்க வேண்டிவரும். பாக்கெட்டில் பவுடர் விற்க வருவார்கள், போட்டால் பத்து வருடத்துக்கு லாரியே வேண்டாம் என்பார்கள். வாங்காதே. தேவையான கிருமி நம் உபயத்திலேயே தினமும் போகிறது. அதைக் கொல்கிற அளவுக்கு ஆசிட்டை ஊற்றாமல் இருந்தால் போதும்.

கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? சொட்டு மருந்தை ஒழுங்காக விடு, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். மாசியில் ஒருமுறை வருகிறேன். கிரகப்பிரவேசத்துக்கு இல்லை, அதற்கு முன்னால். அந்த டேங்குக்கு மூடி போடுவதற்குள் நான் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்