நாய்ப் பயிற்சியில் பிழைபடும் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் எமது பகுதியில் நடைபெற்ற நாய் வளர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரத்தில், ‘எதிர் மீளவலியுறுத்தல்’ என்பதற்குத் ‘தவறு செய்யும் நாயைத் தண்டித்தல்’ என விளக்கம் எழுதப்பட்டிருந்தது. அதை நம்பிய என் அயலவர் ஒருவர், வயற்காவலுக்கென வளர்த்த ஆறு மாதக் குட்டியைப் பூவரசந் தடியால் அடித்துப் பழக்கினார். இப்போது அவர் கையை உயர்த்தினாலே அது வேலியோரம் பதுங்கிச் சிறுநீர் கழித்துவிடுகிறது.

உளவியலாளர் ஸ்கின்னரின் கோட்பாட்டிலிருந்து வந்த இச்சொற்களில், நேர் என்பது நல்லதையோ எதிர் என்பது கெட்டதையோ குறிப்பதில்லை. ஒன்றைச் சேர்ப்பது நேர், ஒன்றை அகற்றுவது எதிர். அதனால் ஒரு நடத்தை பெருகினால் அது மீளவலியுறுத்தல், குறைந்தால் தண்டனை. நாய் அமர்ந்தவுடன் அவித்த இறைச்சித் துண்டொன்றைக் கொடுப்பது நேர் மீளவலியுறுத்தல் என்றால், மேல்நோக்கி இழுத்துப் பிடித்த வாரை அது அமர்ந்த கணமே தளர்த்திவிடுவதுதான் எதிர் மீளவலியுறுத்தல். மேலே பாயும் நாயைப் பாராமல் திரும்பிக்கொள்வது எதிர்த் தண்டனை. என் அயலவர் செய்ததோ நேர்த் தண்டனை. கல்வி உளவியல் கற்ற ஆசிரியர் எவரிடமாவது ஒருமுறை காட்டியிருந்தாலே இப்பிழை அச்சேறியிராது.

கட்டளைச் சொற்களிலும் இதேயளவு கவனம் வேண்டும். எமது பேச்சில் ‘இரு’ என்பது அமர்வதையும் குறிக்கும், அப்படியே காத்திருப்பதையும் குறிக்கும். நாய் பொருளை அல்ல, ஒலியையே பற்றிக்கொள்வதால், ஒரே ஒலிக்கு இரண்டு செயல்களை எதிர்பார்த்தால் அது குழம்பிப்போகும். அமர்வதற்கு ‘இரு’ என்றும், காத்திருப்பதற்குப் ‘பொறு’ என்றும் பிரித்துப் பழக்கிய பின்னரே என் நாய், படலை திறந்திருக்கும்போதும் வீதிக்கு ஓடாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. ‘வா’ என்றழைத்து, வந்ததும் சங்கிலியில் கட்டுவதையோ அடிப்பதையோ வழக்கமாக்கினால், அச்சொல்லைக் கேட்டதும் நாய் விலகி ஓடவே பழகும்.

வெடிமருந்தின் மணத்தை உணர்ந்ததும் அசையாது அமர்ந்து காட்டும் மோப்ப நாய்களைப் பற்றி, கண்ணிவெடி அகற்றப்பட்ட வன்னி நிலத்தில் வாழும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தகைய பயிற்சியின் சொற்களைத் தமிழில் தருவோர் பொருளறிந்து தர வேண்டும். அத்துண்டுப்பிரசுரம் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், வெளியிட்டோர் அதை உடனே மீளப்பெற்று, திருத்திய விளக்கத்தை அதே வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
விசுவமடு.