பாயிண்ட் மட்டும் போட்டா பாதி மேட்ச்தான் சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்துல ஒரு காலேஜ் பாஸ்கெட்பால் மேட்ச் ரிசல்ட் வந்திருந்துச்சு. நாலே வரி. யார் ஜெயிச்சாங்க, ஸ்கோர் என்ன, "அதிகபட்சமாக" யாரு எத்தனை பாயிண்ட் எடுத்தாங்க, அவ்ளோதான். கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம், எங்களுக்கு நாலு வரியான்னு சண்டை போட வரல சார், அது பழகிப்போச்சு. அந்த நாலு வரியில ஒரு வரி "அதிகபட்சமாக"வுக்கே போயிடுதே, அதைப் பத்தித்தான் எழுதுறேன். நான் திண்டுக்கல்ல சாயங்காலம் பசங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கற ஆளு, காலேஜ்ல ஆடுனவன், இன்னும் மார்ச் ஏப்ரல் வந்தா விடியக்காலைல எந்திரிச்சு அமெரிக்க காலேஜ் மேட்ச் பாக்கற பைத்தியம். அந்த ஊர் காலேஜ் பசங்க எப்படி வளர்றாங்கன்னு ரொம்ப வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதுல ரெண்டு மேட்ச்சை மட்டும் முதல்ல சொல்லிடறேன்.

ஒண்ணு 2008 நவம்பர்ல நடந்தது. நார்த் கரோலினாவுல டேவிட்சன்னு ஒரு சின்ன காலேஜ், 2000 பேர் கூட படிக்காத இடம். அங்க ஆடிட்டு இருந்தது ஸ்டீஃபன் கரி, ஆமா இன்னிக்கு உலகத்துக்கே தெரிஞ்ச அதே கரிதான். எதிர்ல மேரிலாந்து லயோலா (நம்ம நுங்கம்பாக்கம் லயோலா இல்ல). அந்த டீம் கோச் என்ன பண்ணாருன்னா ரெண்டு பேரை கரி கூடவே ஒட்டிட்டு இருங்கடான்னு விட்டுட்டாரு, பந்து எங்க இருந்தாலும் சரி, நீங்க அவன் பக்கத்துலயே நில்லுங்கன்னு. கரி பாத்தான், சரி நீங்க ரெண்டு பேரும் என்கூட வாங்கடான்னு ஒரு கார்னர்ல போய் நின்னுக்கிட்டான். மிச்சம் இருக்கற நாலு பேருக்கு எதிர்ல மூணு பேர்தான். மேட்ச் முழுக்க கரி போட்ட ஷாட் மூணே மூணு, ஒண்ணும் விழல, ஸ்கோர் பூஜ்யம். டேவிட்சன் 78-48ன்னு 30 பாயிண்ட்ல ஜெயிச்சுது. அந்த சீசன்ல நாட்டுலயே அதிக ஆவரேஜ் யாருதுன்னு பாத்தா இதே கரிதான், மேட்சுக்கு 28.6 பாயிண்ட். நம்ம பேப்பர் நாலு வரியில இந்த மேட்ச் வந்திருந்தா கரி பேரே வந்திருக்காது சார்.

இன்னொண்ணு 2024 அமெரிக்க காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல். நம்ம நேரத்துக்கு ஏப்ரல் 9 காலைல 7 மணி வாக்குல ஆரம்பிச்சுது, நான் டீ டம்ளரோட உக்காந்தேன், டீ ஆறினதே தெரியல. பர்டியூவுக்கும் கனெக்டிகட்டுக்கும். பர்டியூவுல சாக் ஈடின்னு 7 அடி 4 இன்ச் பையன், கனடாக்காரன். அவன் அன்னிக்கு 37 பாயிண்ட் எடுத்தான், டீம் மொத்தமே 60தான், 75-60ன்னு தோத்துப் போனாங்க. கனெக்டிகட் கோச் டான் ஹர்லி லயோலாவுக்கு நேர் எதிரா யோசிச்சாரு. ஈடி பாயிண்ட் எடுக்கட்டும், ஒருத்தன் மட்டும் அவனைப் பாத்துக்கட்டும், மிச்ச நாலு பேரும் வெளிய நிக்கிற ஷூட்டர்களை விட்டு ஒரு அடி நகரக்கூடாதுன்னு. மேட்ச் முழுக்க பர்டியூ த்ரீ பாயிண்ட் ஷாட் (தூரத்துல கோட்டுக்கு வெளிய இருந்து போடறது) போட முடிஞ்சது 7, விழுந்தது 1. இதை ஈடி தப்புன்னு சொல்லவே மாட்டேன், அவன் இல்லாட்டி அந்த டீம் ஃபைனல் வாசலைக்கூட மிதிச்சிருக்காது. ஆனா பூஜ்யம் எடுத்தவன் டீம் 30ல ஜெயிக்குது, 37 எடுத்தவன் டீம் 15ல தோக்குது, அப்ப நாம அச்சுல போடற அந்த ஒரு நம்பர் என்னத்தை சொல்லுது?

சரி இந்த மாதிரி ஆட்டக்காரன் எப்படி உருவாகறான்னா, பிறவித் திறமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க, அது எனக்கு ஒத்து வராது. கரியோட அப்பா டெல் கரி என்பிஏ, அதாவது அமெரிக்காவோட ப்ரொஃபெஷனல் லீக், ஆடுன ஆளு, பையன் ஸ்கூல்ல படிக்கறப்ப இடுப்புகிட்ட இருந்து பந்தைத் தூக்கி எறிஞ்சிட்டு இருந்தான், காலேஜ் லெவல்ல இது பிளாக் ஆகும்டான்னு ஒரு சம்மர் முழுக்க அந்த ஷாட்டையே உடைச்சு தலைக்கு மேல கொண்டு வந்தாரு. அப்பா படிச்ச காலேஜே இவனுக்கு ஸ்காலர்ஷிப் தரல, ஒல்லின்னு சொல்லி. டேவிட்சன்ல முதல் மேட்ச்ல 13 டர்ன்ஓவர் (பந்தை எதிராளிகிட்ட விட்டுடறது). பதிமூணு! நம்ம ஊரா இருந்தா பையன் அன்னிக்கே தண்ணி பாட்டில் தூக்கற வேலைக்குப் போயிருப்பான். கோச் பாப் மெக்கில்லப் அடுத்த மேட்ச்லயும் இறக்குனாரு, 32 அடிச்சான். ரெண்டாவது வருஷம் 2008ல கான்சஸ் யுனிவர்சிட்டி கூட காலேஜ் சாம்பியன்ஷிப் கால் இறுதில 59-57ன்னு ரெண்டே பாயிண்ட்ல தோத்தாங்க. கடைசி ஷாட் கரி போடல, அவனை ரெண்டு பேர் அடைச்சுட்டாங்க, பந்தை ஜேசன் ரிச்சர்ட்ஸ்க்கு கொடுத்தான், விழல. அந்த ரிச்சர்ட்ஸ்தான் அந்த வருஷம் நாட்டுலயே அதிக அசிஸ்ட் (அடுத்தவன் பாயிண்ட் எடுக்கறதுக்கு கொடுக்கற பாஸ்) கொடுத்தவன், அவன் படிச்சு முடிச்சுப் போனதும் அந்த பாயிண்ட் கார்ட் வேலை கரி தலையில விழுந்துச்சு. மூணாவது வருஷம் பந்தைக் கொண்டு வர்றது, ஆளுக்கு எடுத்துக் கொடுக்கறது எல்லாம் கத்துக்கிட்டான், அசிஸ்ட் ஆவரேஜ் 2.9ல இருந்து 5.6க்கு போச்சு. லயோலா மேட்ச்ல கார்னர்ல போய் நின்னானே, அது அந்த மூணாவது வருஷம்தான் சார். முதல் வருஷம் கரி அப்படி நின்னிருப்பானான்னா எனக்கு சந்தேகம்தான், எந்தப் பையனும் நிக்க மாட்டான்.

(கான்சஸ்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1891ல இந்த ஆட்டத்தையே கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அந்த கான்சஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் கோச், அங்க அவர் கணக்கு 55 வெற்றி 60 தோல்வி. ஆட்டத்தை உண்டாக்குனவருக்கே அது மட்டும்தான் கணக்கு, நாமெல்லாம் எம்மாத்திரம். அவர் அதைக் கண்டுபிடிச்ச அதே ஸ்ப்ரிங்ஃபீல்டுல படிச்சுட்டு வந்த பக் அப்படிங்கறவர்தான் 1920ல மெட்ராஸ்ல ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சாரு, அதனால நமக்கும் இதுல பங்கு இருக்கு.)

என்னைக் கேட்டா வளர்ச்சின்னா என்னன்னு காட்ட மிக்கல் பிரிட்ஜஸ் கதையைத்தான் சொல்வேன். ஃபிலடெல்ஃபியா பக்கத்துல வில்லனோவா யுனிவர்சிட்டி, கோச் ஜே ரைட். 2014ல பிரிட்ஜஸ் சேர்ந்தான், சேர்ந்ததும் ரெட்ஷர்ட் பண்ணிட்டாங்க. ரெட்ஷர்ட்னா ஒரு வருஷம் டீமோட ப்ராக்டிஸ் உண்டு, வெயிட் தூக்கறது உண்டு, படிப்பு உண்டு, மேட்ச் மட்டும் கிடையாது, அந்த வருஷம் கணக்குலயும் சேராது, அப்ப இருந்த ரூல்படி அஞ்சு வருஷத்துல நாலு சீசன் ஆடலாம். வெளிய இருந்து பாக்கறவனுக்கு ஒப்புக்குச் சப்பாணி மாதிரி தெரியும். ஆனா அந்த வருஷம் தினம் அவன் ப்ராக்டிஸ்ல நிக்கிறது டீமோட நல்ல ஆளுங்களுக்கு எதிர்ல. வர்ற மேட்ச்ல எதிர் டீம் என்ன ப்ளே ஆடுமோ அதை மனப்பாடம் பண்ணி அவங்களை மாதிரியே ஆடிக் காட்டறதும் இந்த மாதிரி பசங்க வேலைதான், அதுலயே டிஃபென்ஸ் மூளை வந்துடும். அடுத்த வருஷம் பெஞ்ச்ல இருந்து வந்து ஆவரேஜ் 6.4, அந்த டீம் 2016 சாம்பியன். அதுக்கடுத்து 9.8. கடைசி வருஷம் 17.7, திரும்பவும் சாம்பியன். 2018 என்பிஏ டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது ஆளுங்களை எடுக்கறது) 10வது ஆளா போனான், 2024ல நியூயார்க் நிக்ஸ் அவனை வாங்க அஞ்சு முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கற உரிமை) கொடுத்துச்சு. ஒரு வருஷம் ஒரு மேட்ச் கூட ஆடாத பையன் சார்.

அந்த வில்லனோவாகாரங்க ஆட்டத்தைக் கவனிச்சுப் பாத்தீங்கன்னா, ரிங்குக்கு கீழ போனதும் அவசரமா ஒத்தைக் கால்ல எகிறவே மாட்டாங்க, ரெண்டு காலையும் ஊனி ஜம்ப் ஸ்டாப் போட்டு நிப்பாங்க, அப்புறம் பிவட் (ஒரு காலை ஊனி சுத்தறது), அப்புறம் ஏமாத்து, அப்புறம்தான் ஷாட்டோ பாஸோ. இது முதல் நாள் கோர்ட்டுக்கு வர்ற பத்து வயசுப் பையனுக்கு நாங்க சொல்லித்தர்ற பாடம், அதையே அவங்க நாலு வருஷம் தினம் பண்றாங்க. சீசன் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம்தான் ப்ராக்டிஸ்னு அங்க ரூல், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஒரு நாள் லீவு விடணும், அந்த நேரத்துக்குள்ள கால் வைக்கறதுக்கு இவ்வளவு செலவு பண்றாங்கன்னா யோசிங்க. அதே 2018 ஃபைனல்ல அந்த வருஷத்தோட நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் ஜேலன் பிரன்சன் எடுத்தது 9 பாயிண்ட். பெஞ்ச்ல இருந்து வந்த டாண்டே டிவின்சென்ஸோ எடுத்தது 31, அவனும் ஒரு ரெட்ஷர்ட்தான். 79-62ன்னு மிச்சிகனை ஜெயிச்சாங்க. பிரன்சன் மூஞ்சில அன்னிக்கு இருந்த சிரிப்பைப் பாத்தா 31 அவன் எடுத்த மாதிரி இருந்துச்சு.

ட்ரேமண்ட் கிரீனை சொல்லாம விட முடியாது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில குண்டா வந்து சேர்ந்தவன், உயரமும் அந்த பொசிஷனுக்கு பத்தாது, முதல் வருஷம் ஆவரேஜ் 3.3. அங்க கோச் டாம் இஸ்ஸோ, ரீபவுண்ட் (விழாத ஷாட்டோட பந்தைப் பிடிக்கறது) ப்ராக்டிஸுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஹெல்மெட்டும் பேடும் மாட்டிவிட்ட மனுஷன். நாலாவது வருஷம் 16.2 பாயிண்ட், 10.6 ரீபவுண்ட். அப்பவும் டிராஃப்ட்ல 35வதுதான் எடுத்தாங்க. அப்புறம் நாலு என்பிஏ சாம்பியன்ஷிப், கரி கூடவே. பாயிண்ட் லிஸ்ட்ல தேடினா கிரீன் பேரு எங்கயோ கீழ இருக்கும், ஆனா கரிக்கு யாரு ஸ்க்ரீன் வச்சு, அதாவது எதிராளியை மறிச்சு நின்னு, வழி பண்ணது, பின்னாடி நின்னு டிஃபென்ஸ்ல கத்திக் கத்தி ஆள் நிறுத்தினது யாருன்னு மேட்ச் பாத்தவனைக் கேளுங்க.

என் கதையும் கொஞ்சம். காலேஜ்ல ரெண்டு வருஷம் நான் பன்னெண்டாவது ஆளு. எங்க கோச் பேர் சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கு அஞ்சு பேர்தான் டீம், மிச்ச ஏழு பேரும் பந்து மூட்டை தூக்க. ஒருத்தரும் எங்களுக்கு ஒண்ணும் சொல்லித்தரல. உக்காந்து உக்காந்து பாத்ததுல எதிர் டீம் கார்ட் ஒருத்தன் வலது பக்கம் போறதுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு தடவை தாழ்வா தட்டுறான்னு கண்டுபிடிச்சேன், ஹாஃப் டைம்ல சீனியர் அண்ணன்கிட்ட சொன்னேன், அடுத்த பத்து நிமிஷத்துல அவர் மூணு ஸ்டீல் (பந்தைப் பறிக்கறது). அண்ணன் பேரு நோட்டீஸ் போர்டுல வந்துச்சு, எனக்கு ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தாரு. இன்னிக்கும் அந்த ஜாம் இனிக்குது, அது வேற விஷயம்.

இப்ப அங்கயும் காத்து மாறிடுச்சு. 2018ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு, காலேஜ் மாற நினைக்கற பசங்க பேர் கொடுக்கற ஒரு லிஸ்ட், வந்துச்சு, 2021ல இருந்து காலேஜ் மாறினா ஒரு வருஷம் உக்காரணும்ங்கற கட்டாயம் தளர்ந்துச்சு, அதே 2021 ஜூலைல இருந்து பேரையும் முகத்தையும் வச்சு பசங்க சம்பாதிக்கலாம், 2025ல இருந்து காலேஜே நேரடியா பணம் கொடுக்கலாம். பணம் வர்றதை நான் தப்பு சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் கோச்சுங்க கோடிக் கோடியா வாங்கிட்டு இஷ்டத்துக்கு ஊர் மாறுனாங்க, பசங்களுக்கு மட்டும் என்ன சட்டம். ஆனா ரெட்ஷர்ட்னு உக்காரச் சொன்னா இப்ப எத்தனை பேர் உக்காருவாங்க? அடுத்த வருஷமே வேற சட்டை மாட்டிட்டு நிப்பான். ஜே ரைட் 2022லயே ஒதுங்கிட்டாரு, வர்ஜீனியா கோச் டோனி பென்னட் 2024ல சீசன் ஆரம்பிக்க சில வாரம் இருக்கறப்ப, இந்த சூழலுக்கு நான் சரிப்பட மாட்டேன்னுட்டு விலகிட்டாரு. அதே சமயம் ஈடி நாலு வருஷம் பர்டியூவுலயே இருந்தான் பாருங்க, ஸ்கூல்ல பத்தாவது படிக்கறப்பதான் பந்தையே ஒழுங்கா தொட்டவன், முதல் வருஷம் 8.7, அப்புறம் தொடர்ந்து ரெண்டு வருஷம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன். அதனால எல்லாம் போச்சுன்னு ஒப்பாரி வைக்க நான் தயாரில்ல.

இப்ப உங்க கிட்ட கேக்கறது இதுதான் சார். உங்க ரிப்போர்ட்டர் மேல தப்பு இல்ல, எனக்குத் தெரியும், மேட்ச் டேபிள்ல அஃபீஷியல் ஸ்கோர் ஷீட்ல பாயிண்டும் ஃபவுலும் டைம் அவுட்டும்தான் இருக்கும், ரீபவுண்ட் அசிஸ்ட் எல்லாம் அதுல எழுத மாட்டாங்க, அவர் பாவம் இருக்கறதைத்தானே அனுப்புவாரு. அதனால நாங்களே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். எங்க கிரவுண்டுல ஆட இடம் கிடைக்காத ரெண்டு பொண்ணுங்க, ஒரு கோடு போடாத நோட்டுல ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், டர்ன்ஓவர், சார்ஜ் எடுத்தது (பந்தோட வர்றவன் மோதற மாதிரி முன்னாடி நின்னு ஃபவுல் வாங்கறது) வரைக்கும் குச்சி குச்சியா போட்டு எழுதறாங்க. ஒரு குச்சி விட்டுப்போனா கூட அதுங்க ரெண்டும் போடற சண்டை இருக்கே, மேட்ச்சை விட அது பெருசு. இந்த மாசக் கடைசியில இங்க மாவட்ட செமி ஃபைனல் இருக்கு, ரிப்போர்ட்டருக்கு டேபிள் பக்கத்துல ஒரு சேர் போட்டு வைக்கிறோம், வர முடியலைன்னா மேட்ச் முடிஞ்ச பத்தாவது நிமிஷம் அந்த நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிடறோம். அதே நாலு வரி போதும் சார், "அதிகபட்சமாக" இருக்கற இடத்துல அந்த குச்சிக் கணக்குல ஒண்ணை மட்டும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன், பழைய பன்னெண்டாவது ஆளு,
திண்டுக்கல்.