எங்கள் தென்னைக்காக நின்ற காலடிப்பேட்டைக்கு

அது அம்மா வைத்த தென்னை. 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் வேம்பும் முருங்கையும் சாய்ந்தபோதும் நின்ற மரம். பழைய வீட்டை இடித்துக் கட்ட வேண்டி வந்தபோது வெட்டிப்போட மனம் வரவில்லை. போன ஆடியில் வேரோடு பெயர்த்துத் தெருமுனைக் கோயில் நந்தவனத்தில் நட்டோம். நட்டோம் என்று நான் எழுதலாகாது. நட்டது நீங்கள்.

காசிமேட்டு அண்ணன்களே, கிரேன் சங்கிலியை நேராக மரத்தில் மாட்டப் போனதைத் தடுத்து, நான்கு சுற்று சாக்கு சுற்றி, விசைப்படகுக் கயிற்றால் கட்டுப் போட்டீர்கள். தென்னைக்குக் காயம் பட்டால் மற்ற மரங்களைப் போல அது மூடி வளராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முட்டுக் கொடுத்தபோதும் மரத்தில் ஓர் ஆணி இறங்கவில்லை. சுற்றிலும் கட்டைகளை வைத்துக் கட்டி, ஆணியை அந்தக் கட்டையில்தான் அடித்தீர்கள்.

மரமேறும் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! மரம் ஆடக்கூடாதென்று ஒப்பந்தக்காரர் இரண்டடி கூடுதல் ஆழத்தில் இறக்கிவிட்டார். நீங்கள் குழியில் இறங்கித் தூரைத் தடவிப் பார்த்தீர்கள். "புது வேர் இங்கருந்துதாம்மா வரணும், இதைப் புதைச்சா மூச்சு முட்டிடும்" என்று, கிரேன் கிளம்பும் முன்பே மறுபடி தூக்க வைத்தீர்கள். அடிமட்டைகளைக் கழித்து, மிச்சத்தைக் குருத்தோடு அணைத்துத் தென்னங்கயிற்றால் கட்டினீர்கள். பாளையும் குரும்பையும் எடுத்துவிட்டீர்கள். மறுநாள் நான் யூரியாவோடு வந்தபோது, "வேர் பிடிக்கட்டும், அப்புறம் சோறு போடலாம்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்த அவசரத்தில் நானே அதைக் கருக்கியிருப்பேன்.

நம்ம பக்கத்து மண் கடல்மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது. நார்க்கழிவைப் பரப்பி, கோயில் கிணற்றிலிருந்து தினமும் குடம் குடமாய்ச் சுமந்த அக்காமார்களே, இரண்டு மாதம் எந்தப் பலனும் கண்ணில் படாமலே சுமந்தீர்கள். மட்டைகள் ஒவ்வொன்றாய்ப் பழுத்து விழுந்தன. தென்னைக்கு உயிர் இருப்பது அந்த ஒரே குருத்தில். அது போனால் பக்கக்கிளை வெடித்துப் பிழைக்காது. நான் நம்பிக்கை இழந்திருந்தேன், சொல்லவில்லை.

பெயின்டர் தம்பி தன் சாரத்தைக் கழற்றாமல் அங்கேயே விட்டுவைத்தார். அதில் ஏறி, குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே உயரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்ததும் அவர்தான். புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை மேலிருந்து குரல்: "அக்கா, ஏறிடுச்சு!" குருத்தின் கோடு மட்டைக்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே நின்றது. கீழே நின்ற எனக்கு அது தெரியவேயில்லை, அழுதுவிட்டேன்.

இப்போது இரண்டு புது ஓலை விரிந்திருக்கிறது. ஒன்று மற்றதைவிடக் குட்டை. வேர் இன்னும் தேறவில்லை என்கிறார் ஐயா. அதனால் முட்டுக்கட்டைகள் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை இருக்கட்டும். நந்தவனத்து வழி குறுகிப் போனதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கயிற்றில் துணி காயப்போட வேண்டாம். சாயங்காலத் தண்ணீர் இனி என் முறை.