குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, சர்க்கரைப் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தன. பூங்கா விளக்குகள் மாற்றப்பட்டன.

இந்த ஆண்டின் பெரிய வேலை, காய்ச்சல் வந்த இடம், முதியவர்கள் விழுந்த இடம், வடிகால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குறித்த நம் நகர் வரைபடம். "சங்கத்துக்கு எதற்கு இதெல்லாம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். காய்ச்சல் பட்டியல் சுகாதாரத் துறையிடம், வடிகால் விவரம் பொறியாளரிடம், விபத்துக் கணக்கு காவல் துறையிடம். மூன்றையும் ஒரே தாளில் யாரும் பார்ப்பதில்லை. 1854-ல் லண்டன் சோஹோவில் காலரா வந்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ, இறப்புப் பதிவேட்டைத் தெரு வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தார். பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றியே சாவுகள் இருந்தன. அந்தத் தண்ணீரை யாரும் எடுக்காதபடி குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். இன்றும் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் அடிதடியில் காயப்பட்டு வருபவர்களிடம் மருத்துவமனை சம்பவ இடத்தையும் நேரத்தையும் கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, காவல் துறைக்கும் நகராட்சிக்கும் தருகிறது. உறுப்பினர்களுக்குக் கொடுத்த படிவத்தில் நாமும் பெயர் கேட்கவில்லை. தெருவும் மாதமும்தான் கேட்டோம்.

டெங்குவுக்கு எல்லோரும் சாக்கடையைத்தான் திட்டினோம். வரைபடத்தில் காய்ச்சல் புள்ளிகளோ நான்காம் தெருவில் பாதியில் நிற்கும் அடுக்குமாடியைச் சுற்றி விழுந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் லிப்ட் குழியில் முழங்கால் அளவு மழைநீர், அடி தெரியும் தெளிவில், நெளியும் புழுக்களோடு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அந்த நல்ல தண்ணீர்தான். முட்டை கொசுவாக ஏழு, பத்து நாள் போதும். அதிக தூரமும் பறக்காது. குழியை இறைத்து மூடச் செய்தோம்.

முதியவர்கள் விழுந்த இடங்களையும் குறித்தோம். பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் அருகே, நடைபாதை முடிந்து பஸ் போகும் சாலையில் இறங்க வேண்டிய இடம். சர்க்கரைக்கு நடக்கச் சொல்கிறார் டாக்டர், எங்கே நடப்பது? சரிவுப்பாதை கேட்டு மனு கொடுத்தோம், அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். வடிகால் வரைபடத்தை ஓர் அலுவலகம் தர மறுத்ததால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் வாங்கினோம்.

அலுவலகத்தைச் சொல்லி என்ன, நம் உறுப்பினர்களே படிவத்தைத் திருப்பித் தரவில்லை. காய்ச்சலைச் சொன்னால் வீடு வாடகைக்குப் போகாது என்றார் ஒருவர். ஐந்தாம் தெரு வரைபடத்தில் வெறுமையாக இருக்கிறது. அங்கே நோயே இல்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், மருந்தடிக்கவும் கடைசியில்தான் வருவார்கள். சந்தாவும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்கள்தான் குப்பை வண்டி வராவிட்டால் முதலில் போன் செய்கிறார்கள். கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளர் வாசிப்பார். வரைபடம் அச்சிட நன்கொடை தந்தவர்களுக்கும், கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கும், வார்டு உறுப்பினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றால்தான் முடியும். முன்வந்தால் நானும் கூடவே நிற்கிறேன். படிவமும் ரசீது புத்தகமும் வாசல் மேசையில் இருக்கின்றன.

செயலாளர்