நோட்டீஸில் இருப்பது என் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேடையில் ஒரு நடிகர் கொச்சையாகப் பேசியது பற்றி உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "அது பாத்திரம் பேசியது, நடிகரைக் குறை சொல்லி என்ன பயன்?" என்பது அவர் கட்சி. சினிமாவுக்கு அது பொருந்தலாம். அங்கே எழுத ஒருவர், எடுக்க ஒருவர், வெட்டி ஒட்ட ஒருவர் இருக்கிறார்கள். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் விடிய விடிய நின்றவள் நான். எங்கள் மேடையில் அந்தப் பேச்சு செல்லாது.

எங்கள் தொழிலில் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியக்காரர் காரைக்குடியிலிருந்து. நான் புதுக்கோட்டையில் பஸ் ஏறுவேன். அவரவரிடம் தனித்தனியாகத் தேதி வாங்கியிருப்பார்கள். எனக்கு ஜோடியாக நிற்கப்போகிறவரை முதன்முதலாக நேரில் பார்ப்பதே ராத்திரி மேக்கப் போடும்போதுதான் என்று எத்தனையோ முறை ஆகியிருக்கிறது. கதையும் பாட்டும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை. நடுவில் வரும் பேச்சு அவரவர் வாயில் பிறப்பது.

வள்ளி திருமணத்தில், வேடனாக வரும் முருகனும் வள்ளியும் வாதாடும் தினைப்புனத்துத் தர்க்கம் தெரியுமல்லவா? எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது, கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். திருமயம் பக்கம் ஒரு ஊரில் வேடனாக வந்தவர், நான் பரணில் நின்று ஆலோலம் பாடி முடித்ததும், கிளி ஓட்டுவதை வைத்து இரட்டை அர்த்தத்தில் ஒன்று கேட்டார். பின்வரிசையில் விசில். நான் சொன்னேன்: "இதை வேடன் கேட்கிறாரா, வேடம் போட்டவர் கேட்கிறாரா? வேடன்னா எங்க அண்ணன்மார் வந்து பதில் சொல்வாங்க. வேடம் போட்டவர்னா முன்னால உட்கார்ந்திருக்கிற ஆத்தாமார் சொல்வாங்க." பாய் விரித்து உட்கார்ந்திருந்த கிழவிகள் போட்ட சத்தத்தில் மிருதங்கக்காரரே சிரித்துவிட்டார்.

விடிந்ததும் டீக்கடையில் அந்த மனிதர் என்னிடம், "என்னம்மா, பாத்திரம்தானே பேசுச்சு" என்றார். "அப்ப சம்பளத்தையும் பாத்திரமே வந்து வாங்கிக்கட்டும்ணே" என்றேன். அதோடு சரி. அதன் பிறகும் அவரோடு எத்தனையோ மேடை ஏறினேன், வம்பில்லை.

சுவாமிகளைப் பற்றி எங்கள் ஆட்கள் ஒரு கதை சொல்வார்கள். அவர் சனீஸ்வரன் வேடம் கட்டி ஆடிவிட்டு, அதிகாலையில் வேடத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போனாராம். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரை விட்டாளாம். அதோடு வேடம் கட்டுவதை விட்டு நாடக வாத்தியாரானார் என்பார்கள். 1922-ல் மறைந்தவர். கதை எவ்வளவு நிஜமோ, நூறு வருஷமாக நடிகர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். என்னைக் கேட்டால் அவர் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. சனீஸ்வரன் பயங்கரமாகத்தானே இருக்க வேண்டும்? வேடத்துக்கு உரியது வேறு, வேடத்தின் மறைவில் நாம் சேர்ப்பது வேறு.

கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைப் பாருங்கள். 1933-ல் அவருடைய கணவரும் மேடை ஜோடியுமான கிட்டப்பா இறந்த பிறகு இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் திரையில் வந்தபோதும் ஆண் வேடத்தில், நந்தனாராகத்தான் வந்தார். (அந்த வைராக்கியம் எனக்கெல்லாம் வராது.) எதைக் கட்டுவது, எதைக் கட்டமாட்டேன் என்பதை ஆள்தான் தீர்மானிக்கிறார்.

"ஜனங்க கேட்கிறாங்க" என்று விழாக் கமிட்டிக்காரர்கள் சொல்வதும் எனக்குப் பழக்கம். கேட்கிறவர்கள் நாலு பேர், அதுவும் பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்தபடி. இப்போது பபூனும் டான்ஸும் வரும் பகுதியை மட்டும் செல்போனில் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் நாடகமே அவ்வளவுதான் என்று பேசுகிறார்கள். விடியற்காலை வரை கண் விழித்துப் பாட்டுக் கேட்கிறவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை. ஊர்ச் சுவரில் ஒட்டும் நோட்டீஸைப் பாருங்கள்: வள்ளியின் படமா இருக்கிறது? என் படம், என் பெயர், என் ஊர்.

அதற்காகப் பபூன் வாயைக் கட்டச் சொல்லவில்லை. ஊரில் பெரிய மனிதரைக் கேலி செய்யத்தான் பபூன் இருக்கிறார். என்னோடு அதிகம் வந்தவர் ஒருவர், ரோடு போடாத ஊராட்சித் தலைவரை மேடையில் அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். காலையில் தலைவரின் ஆட்கள் தேடி வந்தபோது அரிதாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான்தான் சொன்னேன். வர்ற வழியில பார்த்தேன், குழி இன்னும் அப்படியேதான் கிடக்கு" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்திரீபார்ட் நடிகை,
புதுக்கோட்டை.